அர்கா வெஜிடபிள் ஸ்பெஷல்: பொடியோடு எலுமிச்சைப் பழமும் வாங்குங்கள்

ஆனேக்கல், சர்ஜாபுரா, மாலூர் பக்கம் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் பீன்ஸும் போடுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு பெங்களூரை அடுத்த ஹெசரகட்டா என்ற பெயர் புதிதல்ல. 1967இல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதன் ‘அர்கா’ வரிசையில் சிறு விவசாயிக்கு உடனே கைகொடுப்பது வெஜிடபிள் ஸ்பெஷல் என்ற நுண்ணூட்டப் பொடி. துத்தநாகம், போரான், மாங்கனீசு, இரும்பு, செம்பு ஆகியவை கலந்தது. இலையில் தெளிக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து இதில் கிடையாது. தொழுஉரத்தையும் யூரியாவையும் குறைத்துவிட்டு இதை மட்டும் அடித்தால் செடி பட்டினிதான் கிடக்கும்.

பொடி நல்ல பொடி. ஆனால் ‘அடித்தோம், ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்பவர்களிடம் எப்படிக் கலக்கினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். தக்காளிக்கு லிட்டருக்கு 5 கிராம், அதாவது 15 லிட்டர் டேங்குக்கு 75 கிராம். அதோடு இரண்டு நடுத்தர எலுமிச்சைப் பழத்தின் சாறு, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்று. நிலையத்தின் பரிந்துரையிலேயே இவை இருக்கின்றன. ஏதோ வீட்டு வைத்தியம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெங்களூரைச் சுற்றிய போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அந்தக் காரத்தன்மை உள்ள தண்ணீரில் இரும்பும் துத்தநாகமும் கரையாமல் அடியில் படியும், இலைக்குள் போகாது. எலுமிச்சைச் சாறு தண்ணீரைப் புளிப்பாக்கி அவற்றைக் கரைந்தபடி வைத்திருக்கும். ஷாம்பு இல்லையென்றால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போன்ற மெழுகு இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே போய்விடும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். டேங்கில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி முதலில் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். கொட்டையும் சக்கையும் போகாமல் வடிகட்டி விடுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பொடியைத் தனியே ஒரு மக்கில் கரைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். ஷாம்பு கடைசியில், முதலிலேயே போட்டால் நுரை பொங்கி டேங்க் நிறையாது. தண்ணீர் பால் மாதிரி கலங்கி அடியில் மாவாகப் படிந்தால் இன்னும் புளிப்புப் போதவில்லை என்று அர்த்தம். இதே டேங்கில் 19:19:19 போன்ற மணிச்சத்து உள்ள உரத்தையோ, சுண்ணாம்பு கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சாணக் கொல்லியையோ சேர்க்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு வேலை முடியும்தான், இரண்டும் வீணாகும்.

வெயில் ஏறும் முன் காலையிலோ, நான்கு மணிக்கு மேலோ, இலையின் இரு பக்கமும் நனைய அடிக்க வேண்டும். நட்ட 30 நாளில், பூ வரும் முன்பே முதல் தெளிப்பு. அப்புறம் மாதம் ஒரு முறை. பூ கொட்டுவதைப் பார்த்த பிறகு ஓடி வாங்குவது தாமதம். போரான் விழுந்த இலையிலேயே தங்கிவிடும், பழைய இலையிலிருந்து புதுத் துளிருக்கு நகராது. திரும்பத் திரும்பக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். பீன்ஸுக்கு லிட்டருக்கு 2 கிராம் போதும். ‘கூடப் போட்டால் கூடக் காய்க்கும்’ என்று 5 கிராம் போட்டால் இலை ஓரம் கருகும். போரானில் போதாமைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது.

எதற்குக் கேட்கும்? பூ கொட்டாமல் பிஞ்சு பிடிப்பதற்கு, தக்காளி வெடிப்பு குறைவதற்கு, காலிஃபிளவர் தண்டு உள்ளே கூடாகிப் பழுப்படிப்பதைத் தடுப்பதற்கு. தக்காளியின் அடிப்பக்கம் கருத்து அழுகுவதற்குக் கேட்காது. அது சுண்ணாம்புச் சத்தும் சீரான பாசனமும் சம்பந்தப்பட்டது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸுக்கும் கேட்காது. அதற்கு விதையிலேயே வழி பார்க்க வேண்டும். இதே நிலையத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன் கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பின ரகம். பின் கருகலைத் தாங்காது. மழையும் குளிருமான பருவத்தில் போடுபவர்கள் அதையும் தாங்கும் அர்கா அபேத் கேட்டு வாங்கலாம். இரண்டுமே எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம்; பழத்திலிருந்து விதை எடுத்து வைத்துப் பயனில்லை.

கணக்கு இதுதான். வளர்ந்த தக்காளிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு தெளிப்புக்கு 1 கிலோ பொடி, 27 பழம், 14 ஷாம்பு. மூன்று தெளிப்புக்கு 3 கிலோ. சித்திரை வெயிலில் எலுமிச்சை விலை ஏறும்போது பொடியைவிடப் பழத்தை நினைத்துத்தான் கவலை வரும். அப்போது டேங்குக்கு 3, 4 கிராம் சிட்ரிக் அமிலப் பொடி போதும்; இரண்டு பழச் சாற்றில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். லாபம் எடையில் மட்டும் வருவதில்லை. கோலார் மண்டியில் 15 கிலோ பெட்டியில் வெடித்த பழம் தெரிந்தால் மொத்தப் பெட்டியும் இரண்டாம் தரத்துக்கு இறங்கும்.

குறை என்றால், பிரித்த பொட்டலம் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். லைசென்ஸ் பெற்ற தனியார் தயாரிப்பாளர்களும் விற்கிறார்கள். ‘ஸ்பெஷல்’ என்ற பெயரை மட்டும் பார்க்காமல் நிலையத்தின் தொழில்நுட்பம் என்று அச்சிட்டிருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். அர்கா மைக்ரோபியல் கன்சோர்டியம் வாங்குவதானால் தேதி இன்னும் முக்கியம். அது உயிருள்ள நுண்ணுயிர். லிட்டருக்கு 20 கிராம் கரைத்து வேரில் ஊற்றுவது. கடை வாசல் வெயிலில் அடுக்கியிருந்த பாக்கெட்டில் வெறும் தூள்தான் மிஞ்சியிருக்கும். ஓசூர் பக்கத்தவர்கள் பெங்களூரைக் குறுக்கே கடந்து ஹெசரகட்டா போகத் தேவையில்லை, நிலையத்தின் விதைத் தளத்தில் ஆன்லைனில் கேட்டாலும் விதை வரும்.

மண்ணில் ஏற்கெனவே போதிய துத்தநாகமும் போரானும் இருந்தால் இந்தப் பொடி எதையும் கூட்டித் தராது. முதல் போகத்தில் இரண்டு சாலுக்கு மட்டும் பொடி இல்லாமல் எலுமிச்சையும் ஷாம்பும் கலந்த தண்ணீரை அடித்து, அந்தச் சால்களின் காயைத் தனியாக எடை போடுங்கள். வெடித்த பழத்தைத் தனியாக எண்ணுங்கள். அடுத்த போகத்துக்கு எத்தனை கிலோ வாங்குவது என்பதை அந்தத் தராசு சொல்லும்.