மூடுல்: பாடம் திட்டமிடும் கல்லூரி ஆசிரியருக்கு எவ்வளவு உதவும்?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி, 2002ஆம் ஆண்டு முதற்பதிப்பு வெளிவந்த மூடுல், பாடங்களை இணையவழி அமைத்து நடத்த உதவும், உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருளாகும். திருப்பூர் வட்டாரக் கல்லூரி ஒன்றில் பின்னலாடை விலைக்கணிப்புப் பாடத்தை இதில் அமைத்து நடத்தியதைக் கொண்டு இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

குறிப்புகளை ஏற்றிவைக்கும் இடமாக மட்டுமே இதைக் கையாள்வோர் பலர் உள்ளனர்; அதற்கு இவ்வளவு பெரிய கருவி தேவையில்லை, வாட்ஸ்அப் குழுவே போதும். தேர்வு, ஒப்படைப்பு போன்ற ஒவ்வொரு செயல்பாட்டையும் சேர்க்கும்போது, எது நடந்தால் அது முடிந்ததாகக் கொள்வது, முடிக்காதவருக்கு அடுத்த பகுதியைத் திறப்பதா என்பவற்றை ஆசிரியரே வரையறுக்க இடமளிப்பதில்தான் மூடுலின் சிறப்பு இருக்கிறது. இவற்றை முறையாக நிரப்பினால், பாடத்திட்டத்தில் அச்சிட்டுள்ள பாட விளைவுகளில் (மாணவர் கற்றுத் தேற வேண்டியவை) எதற்குப் பயிற்சியே வைக்கப்படவில்லை என்பது பருவம் தொடங்குமுன்பே புலப்பட்டுவிடும்.

எங்கள் பாடத்திற்கு மிகவும் பயன்பட்டது கணக்கீட்டு வினா வகை. நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, பவர் டேபிள் (தையல்) கூலி, வெட்டுக் கழிவு ஆகியவற்றுக்கு எண் வரம்புகளையும் சூத்திரத்தையும் கொடுத்துவிட்டால், ஒரே வினா மாணவருக்கு மாணவர் வெவ்வேறு எண்களுடன் வருகிறது. பக்கத்து நண்பரிடம் விடையைக் கேட்டுப் பயனில்லை. வழிமுறையைத்தான் கேட்டாக வேண்டும், நாம் விரும்புவதும் அதுவே. தவறினால் ஒரு குறிப்பைக் காட்டி, மதிப்பெண்ணில் சிறிது கழித்துக்கொண்டு மறுவாய்ப்பு அளிக்கவும் வழியுண்டு. பைசாக் கணக்கை முழுமையாக்குவதில் வேறுபாடு வரும் என்பதால், ஏற்கத்தக்க பிழையளவை முன்கூட்டியே குறிப்பிடாவிட்டால் சரியான விடையும் தவறாகக் கொள்ளப்படலாம்.

தேர்வுக்குப் பின் கிடைக்கும் புள்ளிவிவர அறிக்கையும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு வினாவுக்கும் மாணவர்கள் பெற்ற சராசரி மதிப்பெண் விழுக்காட்டுடன், நன்கு படிப்பவரையும் தடுமாறுபவரையும் அவ்வினா எந்த அளவு பிரித்துக் காட்டுகிறது என்பதும் அதில் தெரியும். கழிவு விழுக்காட்டை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதில் பெரும்பாலோர் சறுக்கினால், மீண்டும் நடத்த வேண்டிய வகுப்பு எதுவென்று தனியாக ஆராய வேண்டியதில்லை. மாலையில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குச் செல்லும் மாணவர்கள், பாடக் கோப்புகளை மூடுலின் கைப்பேசிச் செயலியில் இறக்கிவைத்து இணையமின்றிப் படிக்க முடிவதும் சிறிய வசதியன்று.

குறைகளும் உண்டு. அமைப்புப் பக்கங்கள் மிக நீளமானவை. புதிதாக வருபவர் எதைத் தொடலாம், எதை விடலாம் என்று அறியாமல் திகைப்பார். மென்பொருள் இலவசமே தவிர, சர்வரும் அதைப் பராமரிக்கும் ஆளும் இலவசமல்ல. அத்தகைய ஆள் இல்லாத சிறிய கல்லூரிக்குக் கூகுள் கிளாஸ்ரூமையே பரிந்துரைப்பேன்.

ஆள் இருக்குமானால், துறைக்கு ஒரு பாடத்துடன் தொடங்கி, வினா வங்கியை அலகுவாரியாகப் பிரித்து வைப்பது நல்லது. பருவ முடிவில் மாணவர் விவரங்களை நீக்கிக் காப்புநகல் எடுத்துவைத்தால், அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர் அதை அப்படியே மீட்டுத் தம் விருப்பப்படி திருத்திக்கொள்ளலாம்.