வீட்டோடு ஆளா, பகல் நிலையமா?

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் அம்மம்மாவுக்கு மறதி நோய் என்றதும் முதலில் தேடுவது வீட்டோடு தங்கும் ஆளைத்தான். பழகிய கட்டில், பழகிய சாப்பாடு, பூட்டிய கதவு, பாதுகாப்பு சரி. ஆனால் வருபவருக்குப் பல நேரம் சிங்களம் மட்டுமே தெரியும். தாய்மொழிக்குப் பிறகு கற்ற மொழி முதலில் நழுவுவது இந்த நோயில் உண்டு; அம்மம்மா கற்ற சிங்களமும் அப்படித்தான். பின்னேரமானால் பதற்றம் கூடும். "அம்மா தேடுவா, வீட்டை போகோணும்" என்று அம்மம்மா எண்பது வயதில் கதவை இழுக்கும்போது பார்க்க வந்த பிள்ளை என்ன செய்யும்? டிவியைப் போட்டுவிடும்.

காலையில் விட்டு மாலையில் கூட்டிவரும் பகல் நிலையத்தில் பாட்டு, கைவேலை, பேச்சுத்துணை எல்லாம் உண்டு. மருதானையில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு இப்படி ஒன்றை நடத்துகிறது. காலி வீதி (Galle Road) நெரிசலில் கூட்டிக்கொண்டு போய்வருவதுதான் பெரும்பாடு. படுக்கையில் விழுந்தவருக்கு இது சரிவராது.

ஆரம்ப நிலைக்கு நான் பகல் நிலையத்தின் பக்கம். பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது, நல்லது. அந்தப் பிள்ளை வேலைக்கும் போகவேண்டுமே! பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு பகல் நிலையம், தமிழ் தெரிந்த பணியாளர், கூட்டிப்போக ஒரு வேன். அரசிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.