ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் கார்பெட் கிளீனிங்குக்கு எந்த மெஷின்: ரோட்டரியா, ஆர்பிட்டலா, ரெட்டை பிரஷ்ஷா?

தண்ணி கம்மியா புடிக்கிற கார்பெட் மெஷின் எது வாங்கலாம்னு நம்ம பக்கம் லாட்ஜ், பள்ளிவாசல் வேலை எடுக்கிற தம்பிங்க நிறைய பேர் கேக்குறாங்க. சென்னையில ஏசி ஆபீஸ்ல நல்லா ஓடுதுன்னு அதே மெஷின இங்க கொண்டு வந்து எறக்காதீங்க, அங்க கார்பெட்ல இருக்கிறது தூசியும் காபிக் கறையும், இங்க மணலும் உப்பும்.

அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு ஈரத்துணியோட லாட்ஜ் வராண்டாவுல நடக்கிறவங்க, தனுஷ்கோடி போயிட்டு கால்ல மணலோட வர்றவங்க, இவங்க கொண்டு வர்றதுதான் நம்ம வேலையே. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினா சாதாரண உப்பே தானா கசிய ஆரம்பிச்சிரும், கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறதால அதுக்கு ரொம்ப முன்னாடியே ஈரத்த இழுக்கும், அதனாலதான் பகல்ல காஞ்ச கார்பெட் ராத்திரி தொட்டா மறுபடி சில்லுன்னு இருக்கு, அந்த ஈரத்துல அழுக்கும் ஒட்டிக்குது. அதனால மணலை எது எடுக்குது, உப்பை எது எடுக்குது, இந்த ரெண்டையும்தான் முதல்ல கேக்கணும்.

ரோட்டரி மெஷின் எல்லார்கிட்டயும் ஏற்கனவே இருக்கும், தரை தேய்க்கிற அதே 17 இஞ்ச், நிமிஷத்துக்கு 175 சுத்து. அடியில பானெட் துணி (அழுக்க உறிஞ்சுற தடிமனான வட்டத் துணி) மாட்டி கெமிக்கல்ல நனைச்சு சுத்துனா மேல் அழுக்கு துணிக்கு வந்துரும், பார்க்க பளிச்சுன்னு இருக்கும். ஆனா மணல் அடியிலயே கெடக்கும், துணிய அடிக்கடி மாத்தலன்னா ஒரு எடத்து அழுக்க இன்னொரு எடத்துல பூசிட்டுப் போகும். பள்ளிவாசல்ல விரிக்கிற கட் பைல் (நூல் நுனிய வெட்டி நிமித்தி விட்ட) கார்பெட்டுல இத ஓட்டவே கூடாது, நூலோட முறுக்கு பிரிஞ்சு வட்ட வட்டமா தடம் விழுந்துரும். செலவு மிச்சம்னு இதோட நிறுத்திக்கிறவங்கள பார்த்தா வருத்தமாத்தான் இருக்கு.

ஆர்பிட்டல் வேற மாதிரி, பேட் சின்ன வட்டத்துல வேகமா அதிரும், ஆனா மொத்தமா மெதுவாத்தான் சுத்தும், அதனால நூல் திருகாது, ஓட்டுறவனுக்கும் கை வலிக்காது. தரையோட ஒட்டின லூப் பைல் (நூல் வெட்டாம வளையமா இருக்கிற) கார்பெட் போட்ட வராண்டாவுக்கு இதவிட சுகமான மெஷின் இல்ல. இன்னொரு பெரிய விஷயம், பேட் ஈரத்த உறிஞ்சுறதால அதுல கரைஞ்ச உப்பும் கொஞ்சம் கூடவே ஏறிரும், பேட நேரத்துக்கு மாத்துனா மட்டும். மணல் விஷயத்துல இதுவும் ஒண்ணும் பண்ணாது, முன்னாடியே வேக்குவம் நல்லா போட்டாகணும்.

ரெட்டை பிரஷ் மெஷின்தான் எனக்கு நம்ம ஊருக்குப் புடிச்சது. ரெண்டு உருளை பிரஷ் எதிரெதிரா சுத்தி நூல நிமித்தி, அடியில கெடக்கிற மணலு, முடி எல்லாத்தையும் கிளறி ட்ரேயில கொட்டும். பள்ளிவாசல்ல ஸஃப் (தொழுகை வரிசை) நிக்கிற எடம், நெத்தி படுற எடமெல்லாம் அமுங்கிப் போயிருக்கும், இது போனா மறுபடி எழும்பிரும். கொறையும் உண்டு: எதையும் உறிஞ்சாது, இதோட போடுற பாலிமர் கெமிக்கல் (அழுக்கச் சுத்திப் புடிச்சுக்கிட்டு காயுறது) காஞ்சு அழுக்கோட துகளான பிறகு வேக்குவம்லதான் வெளிய வரணும், உப்பு அப்படியே இருக்கும். தனியா விரிச்ச சின்ன விரிப்பு, ஓரத்துல குஞ்சம் வச்சது, இதுலெல்லாம் ஓட்டாதீங்க, உள்ள இழுத்துரும். கம்பளி கார்பெட்னா கெட்டி பிரஷ் வேணாம். ஈரப் பவுடர் தூவி தேய்க்கிற முறைக்கும் இதே மெஷின் போதும், ஆனா பவுடர் செலவு அதிகம், அடர்த்தியான கார்பெட்ல மிச்சம் தங்கிரும்.

காயுற நேரம் பள்ளிவாசல் வேலையில முக்கியம். மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) இஷாவுக்கும் (ராத்திரித் தொழுகை) நடுவுல ஒண்ணேகால் மணி நேரம்தான், அதுல எதுவும் ஆகாது. சுபுஹு (விடியக்காலைத் தொழுகை) முடிஞ்சு லுஹர் (மதியத் தொழுகை) வரைக்கும்தான் பகல்ல பெரிய இடைவெளி, அதுல பாலிமர் போட்டு ஃபேன் ஓட விட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல காஞ்சிரும், வெள்ளிக்கிழமை மட்டும் தவிர்த்துருங்க. ராத்திரி நேரம் நிறைய இருக்கேன்னு தோணும், ஆனா கடல் ஈரக்காத்துல காயுறது இழுத்துக்கிட்டே போகும், வாடைக் காத்து மாசத்துல இன்னும் மோசம்.

தண்ணியப் பத்தியும் சொல்லணும். போர்வெல் உப்புத் தண்ணிய டேங்க்ல ஊத்தினா உப்ப எடுக்கப் போயி உப்ப வச்சிட்டு வர்ற கதைதான், கெமிக்கலும் சரியா வேலை செய்யாது. காவிரி தண்ணியோ 20 லிட்டர் கேனோ ஊத்துங்க, இந்த மெஷினுங்க குடிக்கிற அளவுக்கு அது கட்டுப்படியாகும்.

அதே மாதிரி கெமிக்கல் வாங்கும்போது கண்ணாடித் தட்டுல கொஞ்சம் ஊத்தி ரெண்டு நாள் உங்க கடையிலயே வைங்க, காஞ்சு நொறுங்குனா வாங்குங்க, பிசுபிசுன்னு நின்னா எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும் வேணாம்.

ஒரு மெஷினுக்குத்தான் காசுன்னா ரெட்டை பிரஷ், பள்ளிவாசல் வேலை இருக்கிறவங்களுக்கு யோசனையே வேணாம். ராமேஸ்வரம் லாட்ஜ் மட்டும் பாக்குறவங்க ஆர்பிட்டல் எடுத்து மிச்சக் காச நல்ல வேக்குவம்ல போடுங்க. வெந்நீர் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் இருந்தா வித்துறாதீங்க, அடியில எறங்குன உப்பு தண்ணி விட்டு உறிஞ்சினாத்தான் போகும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சித்திரை வைகாசி வெயில்ல பண்ணிருங்க.

டெமோவ ஷோரூம்ல பார்க்காதீங்க, உங்க லாட்ஜ் வாசல் பக்கத்து கார்பெட்டுலயே ஓட்டச் சொல்லுங்க, வேக்குவம் போட்ட பிறகும் ட்ரேயில எவ்வளவு மணல் விழுதுன்னு பாருங்க. பெல்ட்டும் பிரஷ்ஷும் மதுரையில ஸ்டாக் இருக்கான்னு முன்பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க.