உடைக்கிற ஷூ

யாங்கோன் முகல் தெருப் பக்கம், மூணாம் மாடி இங்கிலீஷ் வகுப்பு. மூணு மாசம் போனேன். என் உதிரிபாகக் கடைக்கு அது தேவைதான். பிரேக் என்று இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை, ரெண்டும் ஒரே சத்தம். ஆனால் வண்டியை நிறுத்துவதற்குக் கடைசி எழுத்து 'ஈ', உடைப்பதற்கு 'கே'. இத்தனை வருசமும் பில்லில் பிரேக் ஷூவுக்குப் பதில் உடைக்கிற ஷூவைத்தான் விற்றிருக்கிறேன்!

மெகாபிட்டையும் மெகாபைட்டையும் சயா (பர்மியில் வாத்தியார்) பிரித்துக் காட்டினார். 8 பிட் ஒரு பைட். 40 மெகாபிட் லைனில் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். இன்டர்நெட்காரனோடு நான் போட்ட சண்டை வீண்.

கரண்ட் போனால் வேர்த்துக் கொட்டும். நோட்ஸுக்குத் தனிக் காசு. அந்த ரசீதிலேயே ஸ்டேஷனரிக்கு 'ஈ' இடத்தில் 'ஏ' போட்டிருந்தார்கள், அதாவது 'நகராதது'. சயாவிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். காசு திரும்பவில்லை.