ஈ-பெயின்: வலி மருத்துவத்தில் இருக்கும் ஸ்பெஷாலிட்டி டாக்டர்களுக்கு

இங்கிலாந்தில் கன்சல்டன்ட் (மருத்துவமனையின் மூத்த நிலை டாக்டர்) பதவி இல்லாமல் வலி மருத்துவத்தில் வேலை பார்ப்பவர்கள் ஈ-பெயின் என்ற ஆன்லைன் பாடத்தொகுப்பைத் தயங்காமல் எடுக்கலாம். ஃபேகல்டி ஆஃப் பெயின் மெடிசினும் பிரிட்டிஷ் பெயின் சொசைட்டியும் சேர்ந்து உருவாக்கியது, என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) ஊழியர்களுக்கு இலவசம். நரம்பு வலி, புற்றுநோய் வலி, குழந்தைகளின் வலி என்று பாடங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் கிளினிக் முடிந்து கிடைக்கும் கொஞ்ச நேரத்திலும் ஒன்றைப் பார்த்துவிடலாம், வருடாந்தரப் பணி மதிப்பீடான அப்ரைசலிலும் காட்டலாம்.

ஆனால் இதன் பலம் அடிப்படைதான். ஊசி வழிச் சிகிச்சைகளைக் கற்க இது போதவே போதாது, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு கன்சல்டன்ட் வேண்டும், அப்புறம் அந்த நேரத்தை வேலைத் திட்டத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். இந்த டாக்டர்களுக்கான 2021 ஒப்பந்தத்தோடு வந்த, ஸ்பெஷாலிட்டி டாக்டருக்கு அடுத்த மேல்நிலையான ஸ்பெஷலிஸ்ட் பதவியை எட்ட நினைப்பவர்கள் இதை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளில் 30 நாள் வரை சம்பளத்தோடு படிப்பு விடுப்பு உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.