ரீஃபர் கன்டெய்னரில் உறைந்த மீன் தருவிப்போருக்கு ஓர் எச்சரிக்கை: 43,000 டாலர் போனது

கப்பல் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டி, கன்டெய்னரையும் அங்கேயே பதிவு செய்து தரும் இணையத் தளம் ஒன்றின் வழியாக, ரீஃபர் கன்டெய்னரில் (குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய சரக்குப் பெட்டியில்) நான் தருவித்த உறைந்த மீன் முழுவதும் கெட்டுப்போய் அழிக்கப்பட்டுவிட்டது. மீனின் விலை, கப்பல் கட்டணம், அழிப்புச் செலவு எல்லாம் சேர்த்து 43,000 டாலர் நஷ்டம். விவகாரம் இன்னும் முடியாததால் தளத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் எனக்குக் கொடுத்த அதே உறுதிமொழியை நம்பி இந்த வாரமும் யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருப்பார் என்பதால் நடந்ததை இப்போதே எழுதுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டுக்குச் சில கன்டெய்னர்கள் மட்டும் எடுக்கும் சிறு வியாபாரிக்கு ஷிப்பிங் லைனிடம் (கப்பல் நிறுவனத்திடம்) நேரடியாக நல்ல கட்டணமோ இடமோ எளிதில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தகைய தளங்கள் நுழைகின்றன. என்னிடம் பேசிய பிரதிநிதி விவரம் தெரிந்தவராகவே பேசினார். செட் பாயின்ட் (இயந்திரத்தில் குறித்துவைக்கும் வெப்பநிலை) மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கும், உறைந்த சரக்கு என்பதால் வெளிக்காற்றுத் துவாரம் மூடப்பட்டிருக்கும், ஏற்றுவதற்கு முன் இயந்திரத்தைச் சோதித்த சான்றிதழை அனுப்புவோம் என்று நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகச் சொன்னார். அதன் பிறகு, தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கண்காணிப்புச் சேவையைப் பற்றிப் பேசினார். “எங்கள் ஆட்கள் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறினாலும் முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும்” என்றார். அந்தக் கட்டணத்தையும் கட்டினேன். ஏற்றுமதியான அன்று அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கன்டெய்னரின் எண் ஓரத்தில் தெரிய, இயந்திரத்தின் சிறிய திரையில் மைனஸ் 18.0 என்ற எண் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்த நிம்மதியில் மீதித் தொகையை அன்றே அனுப்பினேன்.

அந்தப் படம் எதற்கும் சான்று அல்ல என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது காற்றின் வெப்பநிலையே தவிர மீனின் வெப்பநிலை அல்ல. ரீஃபர் கன்டெய்னர் சரக்கை உறைய வைக்கும் இயந்திரமும் அல்ல. ஏற்கெனவே உறைந்ததை அப்படியே காப்பதற்குத்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. தரையிலுள்ள பள்ளங்கள் வழியாகக் குளிர்காற்று புகுந்து, பெட்டிகளைச் சுற்றி மேலேறி, கூரையோரமாக இயந்திரத்துக்குத் திரும்புகிறது. மின்சாரம் இருக்கும் வரையில்தான் இதெல்லாம் நடக்கும். உண்மையான ஆபத்து, கப்பல் மாற்றும் துறைமுகத்தில் பிளக்கைக் கழற்றி இறக்கிவைத்த பிறகு அதை மீண்டும் செருகுகிறார்களா என்பதில் இருக்கிறது.

கன்டெய்னர் வந்து சேர்ந்தபோது சீல் உடையாமல் இருந்தது. திரையில் மைனஸ் 18 தெரிந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்றும் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் கீழ்வரிசை அட்டைப்பெட்டிகள் நசுங்கி, மூலைகள் பிதுங்கி, அடிப்பக்கம் கறுத்துப் போயிருந்தன. தரைப் பள்ளங்களில் பழுப்பு நிறப் பனிக்கட்டி ஓடி உறைந்திருந்தது. ஒரு பையை அறுத்துப் பார்த்தோம். தனித்தனியாக உதிர வேண்டிய மீன் துண்டங்கள் ஒரே பாளமாக ஒட்டி, பையின் அடிவடிவத்துக்கே சப்பையாகியிருந்தன. ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நீர் கட்டியாக உறைந்து நின்றது. உருகி மறுபடியும் உறைந்த மீன் அது. வாசனையை விவரிக்க எனக்கு மனமில்லை.

மீனை அனுப்பியவர் ஒரு பெட்டிக்குள் தம்முடைய செலவில் வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் சிறிய டேட்டா லாகர் ஒன்றை வைத்திருந்தார். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் அதைக் கணினியில் இணைத்துக் காட்டினார். ஏற்றியபோது மைனஸ் 20. கப்பல் மாற்றும் துறைமுகத்தில் கோடு மெல்ல மெல்ல ஏறி, பூஜ்யத்தைத் தாண்டி, அங்கேயே நின்று, பின்னர் மெதுவாக இறங்கியிருந்தது. நிறைய ஏற்றிய உறைந்த சரக்கு, மின்சாரம் சில மணி நேரம் நின்றதற்கெல்லாம் உருகிவிடாது. தன் குளிரிலேயே தாக்குப்பிடிக்கும். இந்த அளவுக்கு உருக வேண்டுமானால் நாள்கணக்கில் பிளக் இல்லாமல் கிடந்திருக்க வேண்டும். அத்தனை நாளும் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்டவர்களிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பு வரவில்லை, ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

பிறகு தொடங்கியது தட்டிக்கழிப்பு. உங்கள் புகார் பதிவாகியுள்ளது என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. பின்னர், இறக்கும்போது கதவைத் திறந்து வைத்ததால் உருகியிருக்கும் என்றார்கள். அதற்கு லாகர் பதிவை அனுப்பினேன். அனுப்பியவர் மீனைச் சரியாக உறைய வைக்கவில்லை என்றார்கள். அதே பதிவின் முதல் எண்ணே மைனஸ் 20 என்று காட்டினேன். உடனே, இது ஷிப்பிங் லைனின் பொறுப்பு, எங்களுடையது அல்ல என்று கைவிரித்தார்கள். ஷிப்பிங் லைனைக் கேட்டால், எங்கள் மாஸ்டர் பில்லில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில்) உங்கள் பெயரே இல்லை, உங்களிடம் இருப்பது ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பித் தரும் இடைத்தரகர்) தன் பெயரில் கொடுத்த சரக்கு ரசீதான ஹவுஸ் பில், அவரைக் கேளுங்கள் என்கிறார்கள். அந்த ஹவுஸ் பில்லை எடுத்துப் பார்த்தால், நான் ஒருமுறைகூடப் பேசியிராத மூன்றாவது நிறுவனம் ஒன்றின் பெயர் இருக்கிறது. 43,000 டாலரைக் கொடுத்தவனை மூன்று பேரும் பந்தாடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது அவர்கள் அனுப்பிய வரைபடம். கன்டெய்னர் இயந்திரத்தின் நினைவகத்திலேயே வெப்பநிலைப் பதிவு இருக்கும். அந்தக் கோப்பைத் தாருங்கள் என்று கேட்டேன். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு ஒரு படம் வந்தது. பயணம் முழுவதும் மைனஸ் 18.0 என்று அடிக்கோல் வைத்துக் கிழித்ததைப் போன்ற நேர்கோடு. ஓடும் ரீஃபர் எதிலும் அப்படி ஒரு கோடு இருக்க முடியாது. குளிர்ச்சுருளில் படியும் பனியை நீக்க இயந்திரம் அவ்வப்போது குளிரூட்டலை நிறுத்திச் சூடேற்றும். அந்நேரங்களில் திரும்பும் காற்றின் வெப்பநிலை சற்று எகிறி இறங்கும். உண்மையான பதிவில் அந்த மேடுகள் கட்டாயம் இருக்கும். இதைச் சுட்டிக்காட்டி மூலக் கோப்பைக் கேட்டதிலிருந்து பதிலே இல்லை. என்னிடம் பேசிய பிரதிநிதி வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம்.

தளத்தின் வழியாகவே எடுத்த காப்பீடும் கைகொடுக்கவில்லை. குளிரூட்டும் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் இழப்பீடு என்பது நிபந்தனை. இயந்திரம் பழுதாகவில்லை, மின்சாரம்தான் கொடுக்கப்படவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். இறுதியாகத் தளத்திலிருந்து வந்த சமரசம் இது: கண்காணிப்புக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்களாம், அதற்கு ஈடாக, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். 43,000 டாலர் இழப்புக்கு இதுதான் அவர்கள் வைத்த விலை. கையெழுத்திட மறுத்துவிட்டேன்.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதைக்கு அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே ஹவுஸ் பில்லில் யார் பெயர் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். லாகர் ஒன்று போதாது. கதவருகே ஒன்றும் நடுவில் ஒன்றுமாக உங்கள் பொறுப்பில் வையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் காப்பீடு செல்லுமா என்ற கேள்விக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே நேரடியாகப் பதில் வாங்குங்கள். சேதம் தெரிந்தால் இறக்குவதை நிறுத்திச் சர்வேயரை அழையுங்கள். ஹேக்-விஸ்பி விதிகள் (கடல்வழிச் சரக்கில் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு விதிகள்) பொருந்தும் பயணங்களில், வெளிப்படையாகத் தெரியாத சேதத்தைச் சரக்கு கைக்கு வந்த 3 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குத் தொடர 1 ஆண்டுதான் அவகாசம். புகாரைத் தளத்தின் அரட்டைப் பெட்டியில் மட்டும் எழுதாதீர்கள், மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். நானும் பிரதிநிதியும் பேசிய அரட்டைப் பதிவு முழுவதும் இப்போது என் கணக்கில் திறக்கவே மாட்டேன் என்கிறது.