பவுசர் வரிசையில் பதினோராவது வீடு

நோர்வேயின் வடக்கு முனை, பின்மார்க். மீன் பதனிடும் தொழிற்சாலை வேலைக்கென்று எண்பதுகளிலேயே எங்கள் ஆட்கள் வந்து இறங்கிய கரை அது. நானும் அப்படி வந்து நின்றுவிட்டவன். எங்கள் கொம்யூனில், அதாவது அங்கத்தைய உள்ளூராட்சி சபையின் எல்லைக்குள், இரண்டாயிரம் சொச்சம் சனம். பிறந்தது முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கரையோரக் கிராமம். குளிரையும் வெயிலையும் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஊர்தான்: ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வெறும் வெளி, நடுவில் கொஞ்ச வீடுகள்.

2025 ஜூலையில் நாலு கிழமை லீவில் போனேன். கோயில், கல்யாணவீடு என்று திட்டம் போட்டிருந்தேன். பாதி நாள் கந்தோர்களில்தான் கழிந்தது. இது அந்தக் கதை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவு 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த மாவட்டம். 2012 குடிசன மதிப்பீட்டில் 92 ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தைவிட இரண்டரை மடங்கு நிலம், ஆறில் ஒரு பங்கு சனம். மாநகரசபை, நகரசபை ஒன்றுமில்லை. கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று நாலு பிரதேச சபைகள். அதில் எங்களுடையது எது என்று எழுதப் போவதில்லை. ஒரே ஒரு கலிபவுசர் ஓடுகிற இடத்தில் அதன் சாரதி யாரென்று ஊருக்கே தெரியும். அந்த மனிசனுக்கு என்னால் ஒரு கரைச்சல் வேண்டாம்.

கலிபவுசர் என்றால் கக்கூசுக் குழியை உறிஞ்சி எடுக்கிற வாகனம். போய் இரண்டாம் நாளே அம்மா சொன்ன முதல் முறைப்பாடு அதுதான். மீள்குடியேறிய பிறகு ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, குழி சின்னது. கல்யாணவீட்டுக்கு வந்த சனத்தோடு அது நிரம்பிவிட்டது. தங்கச்சி ஏற்கெனவே சபைக்குப் போய் வந்திருந்தாள். படிவம் வேறு, காசு கட்டுகிற நாள் வேறு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "நீங்கள் போனால் ஏதும் நடக்கும்" என்றாள். வெளிநாட்டு அண்ணைமாரைப் பற்றி ஊரில் இன்னும் அப்படியொரு நம்பிக்கை இருக்கிறது.

போனேன். ஒன்றும் விசேஷமாக நடக்கவில்லை. முன் மேசையிலிருந்த பிள்ளை மரியாதையாகக் கதிரை தந்தாள், படிவம் தந்தாள், நிரப்பியதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, வீட்டுக்கு முன்னாலை றோட்டு எத்தினை அடி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தங்கச்சிக்கு எடுத்துக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. பின்னால் நின்ற ஒருவர், "ட்ரக்டர் போகுமோ?" என்று கேட்டார். போகும் என்றேன். "அப்ப பவுசரும் போகும், எழுது பிள்ளை." தூரத்துக்கேற்ற கட்டணத்தைச் சிறாப்பரிடம், அதாவது காசாளரிடம் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் கொப்பியைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கள் பதினோராவது."

பதினொன்று பெரிய எண்ணில்லை என்று நினைத்தேன். எங்கள் வீடு கந்தோரிலிருந்து 22 கிலோமீட்டர். கொட்டுகிற இடம் அதற்கு எதிர்த்திசையில், காட்டுப் பக்கம். ஒரு நாளைக்கு இரண்டு லோட் ஓடினால் பெரிய காரியம். இடையில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கேட்டால் வீடுகள் பின்னுக்குப் போகும். இரண்டு நாள் ரயர் இல்லாமல் நின்றது. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வந்தது.

வந்த வாகனத்தின் குழாய் குழிவரைக்கும் எட்டவில்லை. பத்தடி குறைந்தது. உதவியாளர் பொடியன் வேலியை ஒருதரம் பார்த்தான், என்னை ஒருதரம் பார்த்தான். கிடுகு வேலியில் இரண்டு பாடு அவிழ்த்தோம். சாரதி பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினார். குழாய் இரண்டு துண்டு. பொருத்துகிற இடத்தில் சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றி, மேலே நைலோன் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்த இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு விசில் சத்தம். பொடியன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு இருபது நிமிசம் குந்தியிருந்தான். கையுறை இருந்தது, ஒரு கைக்கு மட்டும்.

முடிந்ததும் தங்கச்சி சவர்க்காரமும் வாளித் தண்ணியும் கொடுத்து, தேத்தண்ணி ஊற்றினாள். காசு நீட்டினேன். சாரதி வாங்கவில்லை. "சபையிலை கட்டின துண்டு இருக்குத்தானே அண்ணை, காணும்." பொடியன் என் கையைப் பார்த்தான். அவனுக்குக் கொடுத்ததைச் சாரதி பார்க்காத மாதிரி நின்றார்.

சரி, நோர்வேக்கு வருகிறேன். எங்கள் இரண்டாயிரம் பேர் கொம்யூன் பாலர் பாடசாலை நடத்துகிறது, பத்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் நடத்துகிறது, குடும்ப வைத்தியரை ஒழுங்கு செய்கிறது, வயது போனவர்களைப் பராமரிக்கிறது, தண்ணீர் தருகிறது, கழிவையும் அகற்றுகிறது. சபை என்றால் இதெல்லாம்தான் என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. அதே அளவுகோலோடு ஊரில் போய் நின்றால் ஏமாற்றம்தான் வரும். அங்கே பள்ளிக்கூடம் மாகாணத்தின் கல்வித் திணைக்களத்திடம். ஆஸ்பத்திரி சுகாதாரத் திணைக்களத்திடம். பிறப்புப் பத்திரம், காணி, அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவு எல்லாம் பிரதேச செயலகத்திடம். பழைய ஆட்கள் இன்னும் ஏஜீஏ (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர் என்பார்கள். அதன் கால் ஊருக்குள் விதானையார், அதாவது கிராம அலுவலர்; கொழும்புக்கு நேரே போகிற கோடு அது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பிரதேச சபைக்கு மிஞ்சுவது உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, குப்பை, சுடலை, வாசிகசாலை, கட்டட அனுமதி. பெயர் ஒரு எழுத்து வித்தியாசம் மாதிரித்தான் சனத்துக்குக் கேட்கிறது: பிரதேச செயலகம், பிரதேச சபை. ஒன்றில் கிடைக்காததற்கு மற்றதைத் திட்டுவார்கள்.

வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது ஓட்டோக்காரத் தம்பி சபையைத்தான் ஏசினான். 2009 மே மாதம் சனம் நடந்து கடந்த அதே பாலம், ஒற்றை வழி. அது ஏ35 பிரதான வீதி, சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "அப்ப எதுக்கு இவையளுக்கு வோட்டுப் போட்டனாங்கள்?" என்றான். கேள்வி பிழையில்லை. புதுப் பாலத்துக்கு அந்த வருட வரவுசெலவுத் திட்டத்திலேயே காசு ஒதுக்கியிருந்தார்கள், அதையும் சொன்னேன். அவன் நம்பவில்லை.

வோட்டு என்றதும் ஒன்று. முந்திய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 மே 6 தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, அதிகாரிகள்தான் ஓட்டினார்கள். நான் போனபோது புதிய சபை கூடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வட்டார மெம்பர் இளம் ஆள். தேத்தண்ணிக் கடையில் பிடித்தேன். வீட்டு முடக்கில் விளக்கில்லை, இரவில் மாடு படுத்திருப்பது தெரியாமல் அம்மா ஒருநாள் விழுந்தவா என்றேன். கைபேசியில் குறித்துக்கொண்டு, "கம்பத்திலை ஒரு இலக்கம் அடிச்சிருக்கும் அண்ணை, அதை எடுத்துத் தாங்கோ" என்றார். மின்சார சபையின் கம்பம், பிரதேச சபையின் விளக்கு. இலக்கம் இல்லாமல் அனுமதி எடுக்க ஏலாதாம். இலக்கம் பாதி அழிந்திருந்தது. தங்கச்சி ரோர்ச் அடித்துப் பார்த்து, வீட்டுச் சுவர் கலண்டரில் எழுதி வைத்தாள்.

மாடு என்றால் கட்டாக்காலி மாடு. முல்லைத்தீவில் இரவில் வாகனம் ஓடியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சபை பிடித்துக் கட்டும், சொந்தக்காரர் தண்டம் கட்டி அவிழ்த்துக்கொண்டு போவார், மூன்றாம் நாள் அதே மாடு அதே இடத்தில் படுத்திருக்கும். மேய்ச்சல் தரை இல்லாமல் மாட்டை எங்கே கட்டுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சபையிடம் இல்லை, காணி வேறு திணைக்களங்களிடம்.

சபையிடம் காசு ஏன் இல்லை என்று செயலாளர் தரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு சொந்தக்காரரிடம் கேட்டேன். அவர் விரல் மடக்கிச் சொன்னது எனக்குப் புதிது. காணி உறுதி கைமாறினால் வருகிற முத்திரை வரி சபைக்கு வரும். ஆனால் எங்கள் பக்கம் பெரும்பகுதி உறுதிக் காணி இல்லை, பெமிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தில் தந்த அரச காணி. கைமாற்றவே ஏலாது, வரி எங்கேயிருந்து வரும்? வீடு, கட்டடங்களுக்கான சோலைவரியை, கட்டடங்கள் நெருக்கமான இடமென்று பிரகடனம் செய்த பகுதியில்தான் அறவிடலாம். அப்படி எங்களிடம் இருப்பது ஒரு சந்தியும் நாலு கடையும். மிச்சம் ஏக்கர் வரி, சந்தைக் குத்தகை, நீதிமன்றத் தண்டப் பணம். "சனம் களவெடுத்தால்தான் சபைக்கு வருமானம்" என்று சிரித்தார். வீதி மட்டும் சனத்தொகையைப் பார்த்து நீளம் குறைவதில்லை. பத்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கிரவல் வீதி போட வேண்டும், ஒவ்வொரு மாரியும் அது கரையும்.

பெமிட் என்னையும் பிடித்தது. அம்மாவுக்கு வீட்டோடு ஒட்டி ஒரு அறையும் குளியலறையும் கட்டலாமென்று கட்டட அனுமதிக்குப் போனால், காணி யார் பெயரில் என்று கேட்டார்கள். அப்பா பெயரில். அப்பா போய் ஒன்பது வருடம். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்து யாரையும் எழுதவில்லை. அது சபை அலுவலில்லை, பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. அங்கே போனால் கோவை இருக்கிறதா என்று தேட ஒரு கிழமை கேட்டார்கள். அதிசயமாகக் கோவை இருந்தது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி முன்னர் என்றால், யாரையும் எழுதிவைக்காவிட்டால் மூத்த மகன் முன்னுக்கு வருவான், அதாவது நான். ஊரைவிட்டுப் போய் முப்பது வருடமான நான்! 2022 இல் அந்த ஆண்பிள்ளை முன்னுரிமையைத் திருத்தியிருக்கிறார்கள். தங்கச்சி பெயருக்கு மாற்ற எனக்குச் சம்மதம் என்று கடிதம் கொடுத்தேன். அம்மா அன்றைக்கு இரவு சாப்பிடும்போது ஒன்றும் கதைக்கவில்லை. அவவுக்குத் தான் இருக்கிற காணியைப் பிள்ளைகள் பங்கு போடுகிற மாதிரிப் பட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் விளங்கப்படுத்தினேன், அரைகுறையாக ஒப்புக்கொண்டா.

அறை கட்ட இந்த முறை முடியவில்லை.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். என் பிறப்புப் பத்திரப் பிரதி ஒரு காலைப்பொழுதில் கைக்கு வந்தது. 1960 க்குப் பிறகு பதிந்தது என்றால் நாட்டில் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம்; பதிந்த ஊருக்கே அலையத் தேவையில்லை. அப்புறம் வாசிகசாலை. சபையுடையது, ஒரு மண்டபம், இரண்டு மின்விசிறி. சோளகக் காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க மேசை மூலைகளில் சங்கு வைத்திருந்தார்கள், கடற்கரையில் பொறுக்கிய பெரிய சங்குகள். காலையில் கிழடுகள், பின்னேரம் ஓ.எல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள். நான் நாலு நாள் போனேன், ஒரு நாளும் கதிரை காலியாக இருக்கவில்லை.

போகிறவர்களுக்கு: விதானையார் எந்த நாள் கந்தோரில் இருப்பார் என்று விமானமேறுவதற்கு முன்னமே கேட்டு வையுங்கள். தாய் தகப்பனின் அடையாள அட்டை, பெமிட், மரணப் பத்திரம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் அப்பாவின் பெயர் மூன்றில் மூன்று மாதிரி, அதற்கே ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வந்தது. கக்கூசுக் குழியைப் போன உடனேயே திறந்து பாருங்கள்.

ஒக்ரோபரில் தங்கச்சி போன் எடுத்தாள். காணிக் கோவை மேலிடத்துக்குப் போயிருக்கிறதாம். மெம்பர் மோட்டார் சைக்கிளில் வந்து, கம்ப இலக்கம் தவறிப்போச்சு, திரும்ப ஒருக்கால் தாங்கோ என்று கேட்டாராம். கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினாளாம். இந்த முறை படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.